நாலு வாட்டில் ஒரு ழகரம்

'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தின் மேடைக் கச்சேரிப் பாட்டு 'ஏழு' என்ற சொல்லில் தொடங்குகிறது. வாணி ஜெயராம் அந்த ழகரத்தை அவசரமாக உகரத்தில் தள்ளிவிடுவதில்லை. நாக்கு மடிகிறது, அண்ணத்தில் ஒட்டாமல் ஒரு கணம் நிற்கிறது, பிறகு இறங்குகிறது. எத்தனையோ பெரிய செட்டுகளில் மடிவதும் இறங்குவதும் கேட்கும், நடுவில் நிற்பது கேட்காது. ஆம்பூரில் என் வீட்டு முன்னறையில், பக்கத்துக்கு ஒரே ஒரு ஈஎல் 84 வால்வு போட்ட நாலு வாட்டு ஆம்ப்ளிபயரில் அது கேட்கிறது.

ழகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. நாக்கை மடித்தால் வாயின் மூன்றாவது ஒத்ததிர்வு அந்தப் பக்கம் இறங்கி வருகிறது. அதே 2,000, 3,000 ஹெர்ட்ஸில்தான் பல இரட்டை ஸ்பீக்கர்களில் கிராஸ்ஓவர் உட்கார்ந்திருக்கிறது. பெரிய கூம்பு குரலைச் சின்ன ட்வீட்டர் கையில் கொடுக்கிற இடம் அது. நன்றாகச் செய்த கிராஸ்ஓவரில் இது தெரியாது; சுமாரானதில் ஒரே சொல்லை இரண்டு பேர் பங்குபோட்டுப் பாடினாற்போல் இருக்கும். என்னுடையது எட்டு அங்குல ஒற்றைக் காகிதக் கூம்பு. கைமாற்றமே கிடையாது.

ஆனால் ஒற்றைக் கூம்பாக இருந்தால் மட்டும் போதாது, நாலு வாட்டுக்கு அது அசைய வேண்டும். ஒரு வாட்டு கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்பதுதான் ஸ்பீக்கரில் நான் முதலில் பார்க்கிற எண். என்னுடையது 95. குரலுக்கென்றே பேர்வாங்கிய பிபிசியின் எல்எஸ்3/5ஏ ஏறத்தாழ 83. பன்னிரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். மூன்று டெசிபலுக்கு ஒருமுறை வாட்டு இரட்டிக்கிறது. ஆக என் நாலு வாட்டு செய்கிற வேலைக்கு அது 64 வாட்டு கேட்கும். 15 ஓம் மின்மறுப்போடு வால்வுக்கு இதமாக நடந்துகொள்ளும் ஸ்பீக்கர்தான் அது. கண்ணாடிபோல் குரல் காட்டும். என் ஆம்ப்ளிபயர் அதற்கு ஆளில்லை, அவ்வளவுதான்.

மின்மறுப்பைப் பலர் கண்டுகொள்வதில்லை. எட்டு ஓம் என்று ஸ்பீக்கருக்குப் பின்னால் எழுதியிருக்கும். உண்மையில் சுருதிக்குச் சுருதி அது ஏறி இறங்கும். பின்னூட்டம் அதிகமில்லாத வால்வு ஆம்ப்ளிபயர் அந்த மேடுபள்ளத்தோடு தானும் ஏறி இறங்கும். மேடு குரல் இருக்கும் இடத்தில் விழுந்தால் பாடகி மூக்கால் பாடுவாள். பழி வால்வுக்கு வரும். ஆம்ப்ளிபயரின் எட்டு ஓம் முனையில் மாட்டிய ஸ்பீக்கரை நாலு ஓம் முனைக்கு மாற்றிப் பார்ப்பது காசில்லாத பரிசோதனை. சத்தம் கொஞ்சம் குறையும், பிடிமானம் கூடும். எனக்கு நாலில்தான் 'ஏழு' சரியாக வந்தது.

பழைய வால்வு ரேடியோக்காரர்களுக்கு இந்த அவஸ்தை இல்லை. மூன்று நாலு வாட்டு கொடுக்கும் வால்வு, அதற்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மர், லேசான காகிதக் கூம்பு, பின்பக்கம் திறந்த மரப்பெட்டி. பொருத்தமெல்லாம் கம்பெனியிலேயே பார்த்துவிடுவார்கள். 1945-ல் வேலூரில் பிறந்த வாணி, சிறுமியாக இலங்கை வானொலியில் இந்திப் பாட்டுகளைக் கேட்டுக் கிறங்கியது அந்தக் காலத்து ரேடியோவில்தான். 'அபூர்வ ராகங்கள்' பாட்டும் மோனோ. தமிழில் ஸ்டீரியோவுக்குப் பேர்போன 'ப்ரியா' 1978-ல்தான் வருகிறது. அதனால் இந்தப் பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிடுகிறேன். குரல் அறை நடுவில் ஆவியாக மிதக்காமல் ஓரிடத்தில் ஆளாக நிற்கிறது. பந்துவராளியில் அவர் மேலே போகும்போது கமகத்தின் இரண்டு கரையும் தெரிகின்றன. அடுத்த அடிக்கு முன் இழுக்கும் மூச்சு சின்னது, அளவானது. தபேலாவின் இடது கை மட்டும் இளைத்துத்தான் போகிறது. இந்தக் கூம்பிடம் அதைக் கேட்கக் கூடாது.

தோல் ஷாப்பில் பல வருஷம் தரம் பிரித்த பாய் ஒருவர் மாலையில் வருவார். "நாலு வாட்டா? எங்க தெரு மைக் செட்டே நூறு வாட்டு சார்" என்று சிரித்தவர், ஸ்பீக்கரின் துணிமூடியைக் கழற்றியதும் கிட்டே வந்தார். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் சிலவற்றில் இந்த விளிம்பு மெல்லிய தோல் என்றேன். காகிதம் தாராளமாக முன்பின் போக வேண்டும், கிழியவும் கூடாதே. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் தேய்த்துப் பார்த்தார். "ஆட்டுத்தோல்னா தாங்கும். ஆவாரம்பட்டையில ஊறினதா இருக்கணும், கடைசியா கடுக்காய். குரோம்ல போட்டா வேற மாதிரி துள்ளும்." எங்கே தடிப்பு, எங்கே சவ்வு என்று விரலாலேயே சொல்கிறவர், வாணி பாட்டு ஓடும்போதும் அதே மாதிரிதான் கேட்டார், 'ஏழு' வந்த இடத்தில் தலை லேசாகச் சாய்ந்தது.

பிறகு, "நம்ம ஹனிபாவைப் போடுங்க சார்" என்றார். நாகூர் ஹனிபாவுக்கு மைக்கே அதிகம் என்பார்கள். உச்சத்துக்குப் போகும்போது சராசரியைவிடப் பத்து டெசிபல் எகிறினால் பத்து மடங்கு வாட்டு வேண்டும். வால்வு திணறும்போது வெடிக்காது. ஓரம் மழுங்கி, குரலில் லேசாகக் கரகரப்பு ஏறும். ஏறியது. பாய்க்கு அது பிடித்திருந்தது, ஒரிஜினலே அப்படித்தான் என்றார். நான் வால்யூமை ஒரு கட்டம் இறக்கினேன்.