மோதிரப் பித்தர்கள்

கார்லீன் கோர்டோவா இயக்கிய 'ரிங்கர்ஸ்: லார்ட் ஆஃப் தி ஃபேன்ஸ்' (2005) ஆவணப்படத்தில் எனக்குப் பிடித்தது, அது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் ரசிகர்களைக் கேலிப்பொருளாக்காததுதான். அந்த நாவலின் திரைப்பட வடிவத்தில் மெர்ரி என்ற பாத்திரமாக வந்த டொமினிக் மோனகன்தான் இதில் கதைசொல்லி.

படம் சொல்லும் கதை இது: டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55இல் பிரிட்டனில் கெட்டி அட்டைப் புத்தகமாக வந்தபோது இல்லாத பித்து, 1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் வந்ததும் கல்லூரி மாணவர்களைப் பிடித்துக்கொண்டது. கதைநாயகன் பெயரில் 'ஃப்ரோடோ வாழ்கிறார்' என்ற பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். லெட் செப்பெலின் ராக் குழுவின் பாட்டுக்குள் கதையின் கோலம் என்ற பாத்திரமும் மோர்டார் என்ற நாடும் நுழைந்தன. 'ஸ்டார் ட்ரெக்' ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய், கதையில் வரும் பில்போவைப் பற்றித் தனிப்பாட்டே பாடினார். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பவர் முனிவர். நட்சத்திரங்கள், சாதாரண வாசகர்கள் எல்லாருக்கும் ஒரே வரிசையில் இடம் தருகிறது படம். ஆட்களைப் பேசவிடும்போது இருக்கும் சுவை, இடையில் வரும் அனிமேஷன் துணுக்குகளில் இல்லை.