பர்ட்டன் தண்ணீரின் கசப்பு

பில்ஸ்னர் கட்சிக்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். 1842-இல் யோசஃப் கிரோல் காய்ச்சிய பொன்னிற பீருக்கு பில்சென் ஊரின் உப்பற்ற தண்ணீர்தான் காரணம் என்பார்கள். மறுக்கவில்லை. சாட்ஸ் ஹாப்ஸ் அதில் மெத்தென்றுதான் இறங்குகிறது. ஆனாலும் என் நாக்கு இங்கிலாந்தின் பர்ட்டன் பக்கம்.

ட்ரென்ட் நதிக்கரையில், ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிந்த நிலத்தில் ஊறுபவை பர்ட்டனின் கிணறுகள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட். அந்தத் தண்ணீரில் காய்ச்சிய பேல் ஏலில் கசப்பு சுள்ளென்று ஏறும். வாயை உலர்த்திவிட்டு உடனே விலகிவிடும். அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகும். கிளாஸிலிருந்து எழும் கந்தக வாடைக்கு 'பர்ட்டன் ஸ்னாட்ச்' என்று பெயர். முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் எனக்குப் பேல் ஏல் குடித்த நிறைவே வராது.

1820-களில் ஆல்சாப் நிறுவனம் இந்தியாவுக்குக் கப்பலேற்றிய ஏல் இந்த ஊருடையது. பிரிட்டனில் 1876-இல் முதலாவதாகப் பதிவான வணிகச் சின்னம், இங்கிருந்த பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம். ஓவியர் மானே 1882-இல் முடித்த ஃபோலி பெர்ஷேர் மதுக்கூட ஓவியத்திலும் அந்தப் பாட்டில்கள் நிற்கின்றன. லண்டனின் ட்ரூமன் நிறுவனம் 1873-இல் பர்ட்டனிலேயே ஓர் ஆலையை வாங்கிவிட்டது. அங்கே போக வழியில்லாதவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் கலந்து சமாளித்தார்கள்.

வீட்டில் நாம் செய்வதும் அதைத்தான். 20 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிகிராம் சல்பேட்டும் 12 மில்லிகிராம் கால்சியமும் ஏறும். அந்தக் கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து மாஷின் பிஎச்சைக் கீழே இறக்கும். வெளிர் மால்ட்டுக்கு இந்த உதவி வேண்டும். ஸ்டவுட்டுக்கு வேண்டாம், வறுத்த மால்ட்டின் புளிப்பே பிஎச்சை இறக்கிவிடும். பிஎச்சை உயர்த்தும் டப்ளினின் கார்பனேட் தண்ணீர் கறுப்பு பீருக்குப் பொருந்தியது அதனால்தான்.

இப்போதைய மோகம் குளோரைடு. கலங்கலான ஐபிஏக்களில் அதை அள்ளிப் போட்டுக் கசப்பின் முனையை மழுக்கிவிடுகிறார்கள், குடித்தால் பழச்சாறு. இன்னொரு கூட்டம் சல்பேட்-குளோரைடு விகிதத்தை மட்டும் பார்க்கிறது. 20-க்கு 10-உம் 2:1. 300-க்கு 150-உம் 2:1. இரண்டும் ஒரே பீரா? பர்ட்டனின் அளவுகளை அப்படியே நகலெடுக்கும் பக்தர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. சல்பேட் லிட்டருக்கு 250, 300 மில்லிகிராமைத் தாண்டினால் வீட்டுப் பீரில் உப்புதான் முன்னால் நிற்கிறது.

பர்ட்டனும் பழைய பர்ட்டன் இல்லை. அங்கே கடைசியாக மிஞ்சிய, ஏலைப் புளிக்கவைக்கும் யூனியன் பீப்பாய் வரிசைகளுக்கும் 2024-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

மென்தண்ணீர்க் கட்சியில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த பேல் ஏலை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் மட்டும் துளி ஜிப்சத்தைக் கரைத்துக் குடித்துப் பாருங்கள். வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.