பாவ உணர்வு முந்தியா, நம்பிக்கை முந்தியா?

கோவை வட்டாரக் கிறிஸ்தவம் என்றதும் 1830இல் இங்கே காலூன்றிய லண்டன் மிஷனும் அதன் வழிவந்த சி.எஸ்.ஐ. சபைகளுமே நினைவுக்கு வருகின்றன. கோவையிலிருந்து கிழக்கே நாமக்கல் தாண்டிச் சேந்தமங்கலம் போனால் கொங்கின் இன்னொரு கிறிஸ்தவ மரபு தென்படும். அது 1861இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் விட்டுச்சென்றது. அந்த மிஷன் பிறந்த வட்டத்தில் ஒரு வழக்கு தீராமல் இருந்தது. தன் பாவத்தை உணர்ந்து நொந்தவனை மட்டும்தான் கிறிஸ்துவிடம் அழைக்கலாமா, கேட்கிற எவரையும் அழைக்கலாமா? ஆவியில் செத்தவனிடம் ‘விசுவாசி’ என்பது வீண்; தேவன் முதலில் உயிர் கொடுக்க வேண்டும், அந்த உயிருக்கு அடையாளம் பாவ உணர்வு என்றது ஒரு கட்சி. அந்தக் கட்சியைச் சேர்ந்த காஸ்பல் ஸ்டாண்டர்ட் என்ற பாப்டிஸ்ட் சபைகள் 1878இல் இதைத் தம் விதிகளிலேயே சேர்த்தன. மறு கட்சியில், விசுவாசிப்பது கேட்கிற எல்லாருக்கும் கடமை என்று இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் போதகர் ஆண்ட்ரூ புல்லர் 1785லேயே எழுதியிருந்தார். 1793இல் வில்லியம் கேரி வங்காளத்துக்குக் கப்பலேறியதற்குப் பின்னால் இருந்த இறையியல் அதுதான்.

கடும்போக்குக் கட்சியை ஈரமற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. நோய் தெரியாதவனுக்குப் பொய் ஆறுதல் கொடுத்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவர்களுடையது. ஆனால் அந்த அச்சம் எங்கே கொண்டுவிடும் என்பதை 1863இல் லண்டன் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜன் ஒரு பிரசங்கத்தில் சரியாகப் பிடித்தார். பாவ உணர்வைத் தகுதி ஆக்கினால், மனிதன் கிறிஸ்துவைப் பார்ப்பதை விட்டுத் தன் கண்ணீரின் அளவைப் பார்க்கத் தொடங்குவான். ஜான் பனியனின் ‘மோட்சப் பயணம்’ கதையில் வரும் பயணி இடுக்கமான வாசலுக்குள் நுழைந்த பிறகும் முதுகுச் சுமையோடு நடந்து, சிலுவையண்டையில்தான் அதை இழக்கிறான். நேரே சிலுவைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று அந்த ஏற்பாட்டையும் ஸ்பர்ஜன் குறை சொன்னார். அதே கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’மாகத் தமிழில் காவியமாக்கினார். சுமையோடு வருகிறவனே உண்மையான விசுவாசி என்ற எண்ணம் நம் சபைகளில் ஊறியதில் அந்தக் கதைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சேந்தமங்கலத்தை அடுத்த கொல்லிமலையில் நடந்தது, முதலில் பாவ உணர்வு, பிறகு நம்பிக்கை என்ற இந்த வரிசைக்கு அடங்கவில்லை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியர்களான ஜெசி பிராண்டும் மனைவி எவலினும் 1913இல் அங்கே குடியேறினார்கள். மருந்து கொடுத்தார்கள், கற்பித்தார்கள், பிரசங்கித்தார்கள். ஆண்டுகள் போயும் ஒருவரும் சேரவில்லை. முன்னின்று எதிர்த்தவர் ஒரு பூசாரி. முதல் உலகப்போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலில் அவரும் மனைவியும் விழுந்தபோது சொந்த சனம் ஒதுங்கியது. பிராண்டு தம்பதியர் கவனித்துக்கொண்டனர். சாகும் முன் பூசாரி தன் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். மலைமக்கள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான். நியாயப்பிரமாணத்தைக் கேட்டு நடுங்கி வந்தவர்கள் அல்லர் இவர்கள். நம்பத் தகுந்தவர்களைக் கண்டு, அவர்கள் சொன்னவரை நம்பி வந்தவர்கள்.

உதவிக்காக வந்தார்கள் என்று சொல்லலாம். உதவிதான் காரணம் என்றால் மருந்து கிடைத்த முதல் வருஷமே வந்திருப்பார்களே. பெந்தெகொஸ்தே நாளில் கேட்டவர்கள் இருதயத்தில் குத்தப்பட்ட பிறகுதானே ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மை, ஆனால் அதே அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரன் நடுங்கி வருகிறான், லீதியாளோ இருதயம் திறக்கப்பட்டுச் சத்தமில்லாமல் வருகிறாள். சகேயுவின் வீட்டுக்குள் இயேசு போன பிறகுதான் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சே எழுகிறது. மறுபிறப்பு விசுவாசத்துக்கு முந்தியது என்ற கோட்பாடு சரியாகவே இருக்கட்டும். தேவனுடைய செயலில் எது முந்தியது என்பது வேறு, சபை மூப்பர் எதைக் கண்டு ஒருவரை ஏற்கிறார் என்பது வேறு.

குழந்தை ஞானஸ்நானம் இல்லாத பாப்டிஸ்ட் சபையில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. முழுக்குக்கு முன் ஒவ்வொருவரும் சாட்சி சொல்ல வேண்டும். விசுவாசிகள் வீட்டில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளையிடம் ‘எந்த நாளில் பாவத்தை உணர்ந்தாய்’ என்று கேட்டால், அக்கா சொன்ன சாட்சியையே அதுவும் ஒப்பிக்கும். இன்று யாரை நம்புகிறாய், அந்த நம்பிக்கையால் உன் நடையில் எது மாறியது என்று கேட்டால் மனப்பாடம் உதவாது.