சந்தேகத்தின் வரிசை

ஓடும் பீட்டில் காரில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நிறுத்திய பிறகு ஒரு நல்ல மெக்கானிக் எதை முதலில் சந்தேகப்படுகிறார், எதைக் கடைசிக்கு வைக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. அந்த வரிசையில் ஒரு கலை இருக்கிறது.

1938 முதல் 2003 வரை இரண்டு கோடிக்கும் மேல் தயாரான வோக்ஸ்வேகன் பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. பின்பக்கம் இருக்கும் எஞ்சினின் சூட்டைக் காற்றும் ஆயிலும்தான் தணிக்கின்றன. அந்த ஆயிலும் மொத்தமே இரண்டரை லிட்டர். தனியாக ஃபில்டர் இல்லை, அடியில் ஒரு கம்பி வலைதான். பழைய மாடல்களில் பச்சையாகவும் பிறகு சிவப்பாகவும் எரிந்த அந்தச் சின்ன விளக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது இதனால்தான்.

வரிசையில் முதல் இடம் டிப்ஸ்டிக்குக்கு. அதைத் துடைத்து, மறுபடி விட்டு, எடுத்துப் பார்ப்பார்கள். அளவு குறைந்திருந்தால் வளைவுகளில் விளக்கு மினுக்கும். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சிவிடுகிறது. அளவு சரியாக இருந்தாலும் தேர்ந்த மெக்கானிக் டிப்ஸ்டிக்கைக் கீழே வைக்கமாட்டார், முகர்ந்து பார்ப்பார். பெட்ரோல் வாடை வந்தால் ஃபியூவல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் உள்ளே இறங்குகிறது என்று கணக்கு. அப்போது அளவு ஏறியிருக்கும், ஆனால் ஆயில் நீர்த்துப்போயிருக்கும். அளவை மட்டும் பார்த்தவர் இங்கே ஏமாந்துபோவார்.

அடுத்தது ஒயர். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு கான்டாக்ட். பிரஷர் இல்லாதபோது கான்டாக்ட் எஞ்சின் உடம்போடு எர்த் ஆகி விளக்கு எரியும். பிரஷர் ஏறியதும் டயாஃப்ரம் தள்ள, தொடர்பு விட்டுப்போய் விளக்கு அணையும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியைத் திருப்பினாலே விளக்கு எரிகிறது. பல்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அன்றாடம் அதுவே சாட்சி. சாவியைப் போட்டபடி, எஞ்சின் ஓடாமல், சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. அணைந்தால் ஒயர்மேல் குற்றமில்லை. ஒரு விரல் அசைவில் வழக்கிலிருந்து ஒரு பெயர் நீங்கிவிடுகிறது.

மிச்சமிருப்பது சுவிட்ச், இல்லையென்றால் நிஜமாகவே பிரஷர் குறைவு. இதைத் தீர்க்க சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் பிரஷர் மீட்டரை மாட்டுகிறார்கள். சுவிட்சுக்கு ஒரு குறை உண்டு. அரை பாருக்கும் குறைவான அழுத்தத்திலேயே அது திருப்தியடைந்து விளக்கை அணைத்துவிடும். எஞ்சினின் தேவை அதைவிட மிக அதிகம். எஸ்ஏஇ 30 ஆயிலில், 70 டிகிரி சூட்டில், 2500 ஆர்பிஎம்மில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 2 கிலோ அழுத்தமாவது வர வேண்டும் என்பது கணக்கு. விளக்கு ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும். மீட்டர்தான் எவ்வளவு என்று சொல்லும்.

முள் ஏறவில்லை என்றால் அடுத்தது ரிலீஃப் வால்வு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய திருகு மூடி. அதைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பிஸ்டனும் கையில் வந்து விழும், அவ்வளவுதான். அந்தப் பிஸ்டன் கீழே சிக்கிக்கொண்டால் ஆயில் வேலை செய்யாமலே அடிக்குத் திரும்பிவிடும், சூடேறியதும் விளக்கு எரியும். மேலே சிக்கிக்கொண்டால் காலைக் குளிரில் கெட்டியாக இருக்கும் ஆயில் முழு வேகத்தோடு கூலரில் பாய்ந்து அதை ஒழுகவைக்கும். விரலளவு உலோகத்துண்டு ஒன்று ஆயில் கெட்டியா தளர்வா என்று தானே அறிந்து வழி விடுகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துப் பொறியாளர்களின் புத்திசாலித்தனத்தை இங்கே தொட்டே பார்க்கலாம்.

இத்தனையும் தேறிய பிறகுதான் பேரிங் தேய்மானம் என்ற பேச்சு வரும். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது விளக்கு மினுக்கி, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைவது இதற்கு ஒரு பழைய அடையாளம். அது உறுதியானால் எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும்.

டிப்ஸ்டிக்குக்குச் செலவே இல்லை. ஒயருக்கு ஒரு நிமிடம். மீட்டருக்குக் கொஞ்ச நேரம், வால்வுக்குச் சில ஸ்பானர்கள், பேரிங்குக்கு ஒரு எஞ்சினே. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கனமானது, முந்தையது தேறாமல் அடுத்ததற்கு யாரும் போவதில்லை. ஸ்பானரே பிடிக்காதவர்களுக்காக 1969இல் அமெரிக்காவில் ஜான் மியூர் எழுதிய வோக்ஸ்வேகன் பராமரிப்பு நூல் தலைமுறைகள் தாண்டிப் படிக்கப்பட்டதற்கும் இந்த எஞ்சினின் குணம் ஒரு காரணம். முறையாகக் கேட்டால் அது முறையாகப் பதில் சொல்லும்.

புது சுவிட்ச் போட்டு, விளக்கு அணைந்ததும் சாவியை நீட்டுபவர் பாகம் மாற்றுபவர் மட்டுமே. மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்த்த பிறகே வண்டியைத் தருபவர் மெக்கானிக். பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டாமவரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.