பாடினார் யார்? கொணர்ந்தார் யார்?

தோட்டப்புறப் பாடல்களைத் திரட்டுவோர் பாடினார் பெயரைக் கேட்டுப் பதிதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பெயரின்மையே நாட்டார் பாடலின் இயல்பு. ஆதலின் எவர் பெயரும் வேண்டா என்பர் பிறிதொரு சாரார். இரு திறத்தாரும் பாடினாரையும் கொணர்ந்தாரையும் ஒருவராகவே எண்ணி மயங்குகின்றனர்.

பெயரின்மை பாடினார்க்கு அரண். கங்காணியையும் துரையையும் பழித்த பாட்டு இன்னாருடையது எனத் தெரிந்தால் பாடினவர் பிழைப்புக்கே கேடு வரும். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை பெறல் வேண்டும் என விதித்தனர். ஆளுக்கு எண் வந்தது. பாட்டுக்கு எண் இல்லை. அதுவே பாட்டின் காப்பு.

கொணர்ந்தார் நிலை வேறு. குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்த ஒருவரைப் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப் பெயனீரார் என்றனர். அதனால் சுவை குன்றிற்றில்லை. ஆயினும் நூலைத் தொகுத்தார் பூரிக்கோ எனக் குறித்து வைத்தனர். உ. வே. சாமிநாதையரும் தம் முகவுரைகளில் ஏடு உதவியோரைச் சுட்டினார். மூன்று ஏடுகள் ஒரே பாடம் காட்டினும், மூன்றும் ஓர் ஏட்டைப் பார்த்து எழுதியவையாயின் சான்று ஒன்றேயன்றோ!

இவ்வழக்கு இன்றைய கணினி உலகிலும் உண்டு. ‘டோர்’ என்னும் மறைவு வலை, அனுப்புவார் இன்னார் எனத் தெரியாவண்ணம், தன்னார்வலர் நடத்தும் மூன்று கணினிகள் வழியே செய்தியைக் கடத்துகின்றது. அவருள் ஒருவர்க்கும் இருமுனையும் தெரியாது. ஆனால் ஒருவரே பல பெயரில் பல கணினிகளை நடத்தின் அக்காப்பு உடையும். ஒரே கையின்கீழ் நூற்றுக்கணக்கான கணினிகள் இயங்கியதாக 2021இல் செய்தி வெளிவந்தது. அங்கே மெய்ப்பெயர் கேட்டால் தன்னார்வலர் அஞ்சி விலகுவர் என்னும் தடை உண்டு. பாட்டுத் திரட்டுவார்க்கு அத்தகைய அச்சம் பெரிதும் இல்லை.

ஆகவே, பாடினாரை ‘ரிங்லெட் வட்டாரத்து மூதாட்டி’ என்னும் அளவில் நிறுத்துக. திரட்டினார் தம் பெயரையும், கேட்ட ஆண்டையும் இடத்தையும் எழுதுக. பிறர் ஏட்டிலிருந்து எடுத்ததாயின் அதனையும் மறையாது கூறுக. பெயர் தெரிந்தமையால் மட்டும் ஒருவர் நேர்மையாளர் ஆகிவிடார் என்பது மெய்யே. ஆனால் சான்றுகள் எத்தனை என எண்ணிப் பார்க்க அஃது உதவும். தேயிலைத் தோட்டங்களில் வேற்றுநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்ட இந்நாளில், ஐயம் எழுந்தபின் மீண்டும் சென்று கேட்பதற்கு ஆள் இரார்.