சொல்லா, நடையா?

தோப்பில் முகம்மது மீரானின் நடையைப் பற்றி நம்மவர் பேசும்போதெல்லாம் அவருடைய சொற்களைப் பற்றியே பேசுகின்றனர். மலையாளம் விரவிய தென்திருவிதாங்கூர்த் தமிழ், இடையிடையே அறபுச் சொற்கள்; இவையே அவர் நடையென முடித்துவிடுகின்றனர். புகழ்வோரும் இகழ்வோரும் இவ்வொன்றில் உடன்படுவது விந்தையே. நாம் உடன்படுவதற்கில்லை.

அச்சொற்கள் அவர் தேடிச் சேர்த்த அணிகலன்கள் அல்ல. 1944இல் அவர் பிறந்தபோது தேங்காய்ப்பட்டணம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல்தான். அவர் கற்றதும் மலையாள வழியில். பிறர்க்கு வட்டார வழக்காகத் தோன்றுவது அவர்க்கு வீட்டுமொழி. வீட்டுமொழியை எழுதியதற்காக ஒருவருக்கு மாலையும் வேண்டா, வசையும் வேண்டா.

அங்ஙனமாயின் அவர் நடை எங்கே இருக்கிறது? 1988இல் நூலாக வெளிவந்த 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யைப் பார்ப்போம். அகமதுக்கண்ணு முதலாளி வைத்ததே ஊரில் சட்டம். ஆங்கிலப் பள்ளி வருகிறதென்றால் ஈமானுக்கே கேடு வருகிறதென ஊர் நடுங்குகிறது. சீர்திருத்தம் பேச வந்த எழுத்தாளராயின், முதல் வரியிலேயே "மூடத்தனம்" என்று தீர்ப்பெழுதியிருப்பார். நம் சமுதாயக் கதைகள் பல இவ்வாறே மேடைச் சொற்பொழிவுகளாயின. மீரானோ ஊராருள் ஒருவராகத் திண்ணையில் அமர்ந்துகொள்கிறார். தங்களின் மகிமையை ஊர் எவ்வளவு நம்புகிறதோ அவ்வளவு தாமும் நம்புவார் போலவே சொல்லிச் செல்கிறார். முகத்திலே சிரிப்பின் சாயலே இராது. அவர் சிரியாமையால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. சற்றுப் பொறுத்து அச்சமும் வருகிறது. முதலாளி நொடிந்துபோகையில் நம்மால் முழுமனத்தோடு மகிழ முடிவதில்லை. இவ்வளவு நேரமும் அவர் முற்றத்தில் அல்லவா நின்றிருந்தோம்!

அவருடைய பக்கம் ஒன்றில் வட்டாரச் சொற்களைக் களைந்து பொதுத்தமிழைப் பெய்து பார்க்கலாம். மணம் குறையும், ஐயமில்லை. ஆனால் அந்த நிற்குமிடம் மாறாது. மாறாக, ஒரு சொற்பொழிவுக்குள் வாப்பா, உம்மா, மய்யித்து என்று எத்தனை சொற்களைத் தூவினாலும் அது சொற்பொழிவாகவே இருக்கும். இத்தகைய தூவல் இன்று மலிந்திருக்கிறது.

குறையே இல்லையென்று சொல்லோம். விளக்கமின்றிச் சொற்கள் நெருங்கிவரும் இடங்களில் தஞ்சைப் பக்கத்து வாசகர் திணறவே செய்வார். 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சாய்வு நாற்காலி'யிலும் இந்நெருக்கம் உண்டு. ஆயினும் அந்நாவலில் முஸ்தபாக்கண்ணு தம் முன்னோர் பெருமையைப் பேசியவாறே நாற்காலியில் சாய்ந்திருக்க, வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாய் விலைபோகின்றன. ஆசிரியர் குறுக்கிட்டு இரங்குவதில்லை, ஏசுவதுமில்லை. பொருள் வெளியேறுகிறது; அடுத்த வேளை சோறு வருகிறது; மீண்டும் பெருமைப் பேச்சு தொடங்குகிறது.