உள்ளங்கை புரளும் அழகு

வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டினால் தோளும் சேர்ந்து சுழலும், நாம் பார்க்க வேண்டியது மறைந்துவிடும். இப்போது உள்ளங்கையை மேலே காட்டிப் பிறகு தரையைப் பார்க்கக் கவிழ்த்துங்கள். ஏறக்குறைய அரைவட்டம். மணிக்கட்டு திரும்புவதாகத் தோன்றும். உண்மையில் வேலை முழுவதும் முன்கையில் நடக்கிறது.

அங்கே இரண்டு எலும்புகள். முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை இடக்கை விரலால் தடவிப் பாருங்கள். அது அல்னா. கையைப் புரட்டினாலும் அது கிட்டத்தட்ட அசையாது. கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ்தான் நகர்கிறது. முழங்கையின் வெளிப்பக்கக் குழியில் விரலை அழுத்திக்கொண்டு கையைப் புரட்டுங்கள். ரேடியஸின் உருண்டைத் தலை நின்ற இடத்திலேயே உருளும். உறுதியான நார்வளையம் ஒன்று அதை அல்னாவோடு பிடித்து வைத்திருக்கிறது. கீழ்முனையோ கையையும் கூட்டிக்கொண்டு அல்னாவின் மேலாகக் குறுக்கே போய்விடும். உள்ளங்கை மேலே இருக்கும்போது இணைகோடுகள், கவிழ்ந்ததும் பெருக்கல் குறி. லியோனார்டோ டா வின்சி 1510 வாக்கில் இந்த இரு நிலைகளையும் வரைந்திருக்கிறார்; தேடிப் பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது தசையின் வேலை. கவிழ்க்க முன்கையிலேயே இரண்டு தசைகள் உண்டு. நிமிர்த்தவும் அங்கே ஒன்று உண்டு, ஆனால் பலம் கொடுப்பது மேற்கையின் பைசெப்ஸ். அதன் தசைநாண் ரேடியஸின் உட்பக்கத்தில் பிடித்திருக்கிறது. கை கவிழும்போது, பம்பரத்தில் சாட்டை சுற்றுவதுபோல் எலும்பில் சுற்றிக்கொள்ளும். தசை இழுத்தால் எலும்பு திரும்பி உள்ளங்கை நிமிரும். மேற்கையில் இடக்கையை வைத்துத் திருப்பிப் பாருங்கள், தசை புடைப்பது தெரியும். முழங்கையை மடக்குவதும் இதே தசைதான். சோற்றைக் கவிழ்ந்த கையால் அள்ளி, மடக்கி, நிமிர்த்தி வாய்க்குக் கொண்டுபோகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான தசை வேண்டுமா?

வலக்கையால் திருகாணியை முறுக்குவது எளிது, கழற்றுவது கடினம் என்பதற்கும் பைசெப்ஸ்தான் காரணம்: வலக்கையால் முறுக்குவது உள்ளங்கையை நிமிர்த்தும் திசை, கழற்றுவது கவிழ்க்கும் திசை. இறுகிய திருகாணியை இடக்கையால் கழற்றிப் பாருங்கள்.

அந்த நார்வளையம் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் இறுகியிருக்காது. ஒரு கையை வெடுக்கென்று இழுத்தால் வளையம் ரேடியஸின் தலையிலிருந்து நழுவி, குழந்தை கையை அசைக்காமல் அழும். ஐந்து வயது வரையிலாவது, குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள்.